குப்பை யார் வீட்டுப் பக்கத்தில் போகிறது? சூழல் நீதியை வகுப்பில் நடத்த வரும் புதிய ஆசிரியர்களுக்கு

சமூகவியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், கைக்கு வந்திருக்கும் தாள் ‘சுற்றுச்சூழலும் சமூகமும்’ என்றால், நல்ல தாள் கிடைத்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் அப்படி நினைத்துக்கொண்டு வர மாட்டார்கள். அவர்களுக்குச் சுற்றுச்சூழல் என்றாலே எல்லாத் துறைக்கும் பொதுவாக வரும் கட்டாயத் தாள்தான்: ஓசோன் படலம், உணவுச் சங்கிலி, மரம் நடுவோம், முதல் நாள் ராத்திரி புரட்டினால் பாஸ். நான் சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடமாக இந்தத் தாளை நடத்துகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் நடத்தினேன், மாசு வகைகள், அவற்றின் காரணங்கள், விளைவுகள், தீர்வுகள் என்று. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வகுப்பு மாறியது ஒரே ஒரு கேள்வியை மாற்றிய பிறகு. ‘என்ன மாசு?’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘யாருக்கு?’ என்று கேட்க ஆரம்பித்தேன். யார் மூச்சு விடுகிறார்கள், யார் தண்ணீர் சுமக்கிறார்கள், முடிவெடுத்த அறையில் யார் இருந்தார்கள், யாரை அந்த அறைக்குக் கூப்பிடவே இல்லை. சூழல் நீதி என்பது இதுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியை ஒரு செமஸ்டர் முழுக்க உயிரோடு வைத்திருக்க நான் செய்துபார்த்த வழிகள்.

முதல் வாரமே ஒரு மனு போடுங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், தாமதித்தால் கைநழுவிவிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு இன்னும் ஒரு மாதம். செமஸ்டர் அதற்குள் முடிந்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே வகுப்பை நாலைந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மனு எழுத வையுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாம். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இன்ன தொழிற்சாலைக்கு இன்ன வருடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின், அதாவது ஆலை இயங்குவதற்கான அனுமதியின், நகல், ஆய்வு அறிக்கையின் நகல். மனு எழுதத் தெரிவது இந்தத் தாளை விட நீண்ட நாளைக்கு அவர்களோடு இருக்கும். பதில் வராமல் போனாலும் அதுவும் பாடம்தான், அந்த மௌனத்தைப் பற்றியே ஒரு வகுப்பு பேசலாம்.

முதல் வகுப்புக்குக் குடம் எடுத்துப் போங்கள்

பவர்பாயின்ட் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குடம் போதும். கீழே குழாயில் நிரப்பி இரண்டாவது மாடி வரை யாராவது தூக்கி வரட்டும் என்று சொல்லுங்கள். நான் முதல் தடவை இதைச் செய்தபோது கிரிக்கெட் டீமில் இருக்கும் ஒரு பையன் முன்வந்தான். இரண்டு கையாலும் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான். முதல் திருப்பத்திலேயே சட்டை நனைந்துவிட்டது. அடுத்து மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், எழுந்து போனாள். குனிந்து ஒரே வீச்சில் குடத்தை இடுப்பில் ஏற்றி, இடது கையைக் குடத்தின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வலது கையால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே படியேறி வந்து மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வகுப்பு கைதட்டியது. அவளுக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. “காலையிலே நாலரைக்கு லாரி வரும் மேம். பன்னிரண்டு குடம் பிடிக்கணும். இதுல என்ன இருக்கு” என்றாள்.

அங்கிருந்து பலகைக்கு வந்துவிடுங்கள். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு குடம் 180 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 36 லிட்டர். இப்போது அரசு அளவுகோலை எழுதுங்கள்: பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், கிராமப்புறத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். கிராமத்து உடம்புக்குத் தண்ணீர் குறைவாகப் போதுமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அந்தக் கேள்வி வகுப்பில் நிற்கட்டும். அப்புறம் அடுத்த கேள்வி: அந்த நாலரை மணிக்கு எழுந்தது யார்? அப்பாவா, அண்ணனா? முதல் மணிநேரத்துக்குள் பாலினம், வர்க்கம், அரசு என்று மூன்றும் வகுப்புக்குள் வந்துவிடும், நீங்கள் ஒரு வரையறைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்ததை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். ‘அப்போது உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்’ என்று வீட்டில் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். கேன் தண்ணீர் வாங்கியவர்களும் லாரிக்கு வரிசையில் நின்றவர்களும் அதே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எழுதியதைப் பேர் சொல்லிப் படிக்காதீர்கள்.

தண்ணீர் என்று வந்துவிட்டால் சாதியைப் பேசாமல் அடுத்த வாரத்துக்குப் போகக்கூடாது. 1927 மார்ச் 20ஆம் தேதி மஹாத் நகரில் அம்பேத்கர் சவுதார் குளத்துக்குப் போய் ஒரு கை நீர் அள்ளிக் குடித்ததை நம் பிள்ளைகள் அரசியல் வரலாறாக மட்டும்தான் படித்திருக்கிறார்கள். அதைச் சூழல் நீதிப் போராட்டமாகப் படித்துக் காட்டுங்கள். பொதுநீர்நிலை எது, அதில் ‘பொது’ யார்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதையும் இதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். இது கனமான வகுப்பு. தலித் மாணவர்களைப் பார்த்து ‘உன் அனுபவத்தைச் சொல்லு’ என்று எந்தக் காரணத்தைக் கொண்டும் கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் தானே சொல்வார்.

ஸ்டிக்கர் பொட்டு வரைபடம்

எனக்கு இந்தத் தாளிலேயே பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம், 1979. ஒரு கறுப்பினக் குடியிருப்புக்கு நடுவே குப்பைக் கிடங்கு வருகிறது, மக்கள் வழக்குப் போடுகிறார்கள். வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்டுக்கு ஆதாரம் வேண்டும். அவர் கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் ஆசிரியர். ஆய்வுமுறை வகுப்பில் இருந்த மாணவர்களை வைத்து, பழைய ஆவணங்களைத் தோண்டி, தெருத்தெருவாகப் போய், நகரத்தின் குப்பைக் கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காகித வரைபடத்தில் குறிக்கிறார். நகராட்சியின் ஐந்து கிடங்குகளும் கறுப்பினப் பகுதியில். குப்பை எரிக்கும் எட்டு ஆலைகளில் ஆறும் அப்படியே. அன்றைக்கு நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் கால்வாசிதான். வழக்கு கடைசியில் தோற்றுவிட்டது. ஆனால் சூழல் நீதி என்ற ஆய்வுத்துறை அமெரிக்காவில் எழுந்து நின்றதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “இது ஒரு வகுப்பு அசைன்மென்ட்” என்று சொல்லுங்கள். முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

சரி, இப்போது நம் வேலை. உங்கள் ஊரின் வார்டு வரைபடத்தைப் பெரிய அளவில் அச்சிட்டு நாலு சார்ட் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்குங்கள், பல நிறத்தில். சிவப்புப் பொட்டு குப்பைக் கிடங்கு, அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயனத் தொழிற்சாலை. கறுப்பு, கழிவுநீர் உந்து நிலையமும் சாக்கடை திறந்துவிடும் இடமும். பச்சை, பூங்காவும் நூலகமும். முதலில் நினைவிலிருந்து ஒட்டட்டும், அப்புறம் கூகுள் எர்த்தில் சரிபார்க்கட்டும். இரண்டு மூன்று வகுப்பில் முடிந்துவிடும்.

சென்னைக்குச் செய்தால் படம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சிவப்பு முழுக்க வடக்கே போய்க் குவியும்: எண்ணூர், மணலி, கொடுங்கையூர். தெற்கே பெருங்குடியில் ஒரு பெரிய சிவப்பு, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி. பச்சை எங்கே குவிகிறது என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளே பார்க்கட்டும். இதன்மேல் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வார்டுவாரியாக இருக்கும் பட்டியல் சாதி மக்கள்தொகையைப் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை, அதாவது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், வேறு நிறத்தில் வட்டமிடட்டும்.

அப்போது ஒரு புத்திசாலிப் பிள்ளை எழுந்து கேட்கும்: “மேம், ஆலை முதலில் வந்ததா, ஏழைகள் முதலில் வந்தார்களா? வாடகை குறைவு என்று அவர்களாகப் போயிருக்கலாமே?” இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பொட்டும் ஒட்டினோம். அமெரிக்க ஆய்வாளர்களும் இதைப் பற்றிப் பல வருடம் வாதாடியிருக்கிறார்கள். எண்ணூரில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற மீனவக் கிராமங்கள்தான் பழையவை. அனல்மின் நிலையமும் சாம்பலும் அவர்கள் வீட்டு வாசலுக்குப் பிறகு வந்தன. கண்ணகி நகரில் நேர்மாறு: நகர நடுவில், கூவம் கரையில், வேலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களை அரசே கொண்டுபோய்த் தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்தில் குடிவைத்தது. ஒன்றில் ஆபத்து மக்களைத் தேடி வந்தது, இன்னொன்றில் மக்களை ஆபத்திடம் அனுப்பினார்கள். வாடகைக்காகப் போனவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு வேறு எந்த வாடகை கட்டுப்படியாகும் என்பதையும் கேளுங்கள்.

கோட்பாட்டை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள், முன்னால் வேண்டாம். நவீன காலத்து ஆபத்துகள் பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லாரையும் வந்தடையும் என்பது ஜெர்மன் சமூகவியலாளர் உல்ரிச் பெக் 1986இல் முன்வைத்த வாதத்தின் ஒரு பகுதி. இதைப் பலகையில் எழுதிவிட்டு, மணலி, வேளச்சேரி இரண்டின் காற்றுத்தரத்தையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஒரு மாதம் தினமும் குறித்துவரச் சொல்லுங்கள். சில நாள் வேளச்சேரி மோசமாக இருக்கும். அதை மறைக்காதீர்கள். நமக்குப் பிடித்த முடிவுக்கு ஒத்துவராத எண்ணை என்ன செய்வது என்பதுதான் ஆய்வுமுறைப் பாடம். எண் ஒன்றாக இருந்தாலும் ஏசி அறையில் இருப்பவரும் ரோட்டோரம் இட்லி விற்பவரும் ஒரே காற்றையா சுவாசிக்கிறார்கள் என்று பேச்சு தானாகப் போகும்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆனால் அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியையோ பாதரசத்தையோ காட்டாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாரோ ஒரு வீட்டில் ‘உங்க தண்ணி நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துங்கள்

செமஸ்டர் பாதியில் வகுப்பு சோர்ந்துபோகும். அப்போது இதை வையுங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், வீடியோ எடுக்க வேண்டும், பேசியதைச் சுருக்கமாக எழுதி அங்கேயே மக்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. இந்தக் கடைசி விதியை மட்டும் சொல்லாமல் வைத்திருந்து முடிவில் சொல்லுங்கள்.

ஒரு கற்பனைத் திட்டம் எடுங்கள், கடலோரத்தில் ஒரு துறைமுக விரிவாக்கம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எழுதிக் குலுக்கி எடுக்கட்டும்: ஆட்சியர், வாரியப் பொறியாளர், நிறுவனத்தின் ஆலோசகர், ஊராட்சித் தலைவர், கட்டுமரக்காரர், மீன் விற்கும் அம்மா, ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண், டிப்ளமோ முடித்து வேலை தேடும் மீனவப் பையன், ஊர்ப் பெரியவர். முழு அறிக்கையைத் தடித்த ஆங்கிலத்தில் கொடுங்கள், தமிழில் நாலு பக்கச் சுருக்கம் மட்டும். ஆலோசகருக்குப் பத்து நிமிடம், மற்றவர்களுக்கு மூன்று நிமிடம்.

வேலை தேடும் பையனின் சீட்டை விட்டுவிடாதீர்கள். அவன் இல்லாமல் நடத்தினால் நல்லவர், கெட்டவர் நாடகமாகிவிடும். ஒரு வருடம் அந்தச் சீட்டு எடுத்த மாணவர் எழுந்து, “நாத்தம் இருக்கு, தெரியும். ஆனா எங்கப்பா மாதிரி நானும் வலையைத் தச்சிக்கிட்டே இருக்கணுமா?” என்று கேட்டபோது மீன் விற்கும் அம்மாவாக நடித்தவள் பதில் சொல்ல முடியாமல் நின்றாள். அந்த நிசப்தம் எந்த நோட்ஸிலும் வராது.

நடிப்பு முடிந்த பிறகு ஒரு முழு வகுப்பை ஒதுக்கி, இதை மட்டும் கேளுங்கள்: மைக் யார் கையில் அதிக நேரம் இருந்தது? இருளர் பெண் எத்தனையாவதாகப் பேசினார்? பேசினாரா? பேசியது குறிப்பில் ஏறியதா? ஊரைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே குரல் இல்லை என்பதும் அப்போது வெளியே வரும். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அழகான ஏற்பாடு, ஆனால் அந்தப் பங்கும் எல்லாச் சாதிக்கும் கிடைத்ததில்லை. பாதிக்கப்பட்ட ஊருக்குள்ளேயும் நீதிக் கேள்வி இருக்கிறது என்று சொல்லித்தருவது சூழல் நீதியைப் பலவீனமாக்காது.

களப்பயணம்: கூட்டிக்கொண்டு போவதற்கு முன்

என் மூன்றாவது வருடம், நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி ஒரு குப்பைக் கிடங்குக்குப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போனேன். இறங்கியவுடன் பாதிப் பேர் கர்ச்சீப்பால் மூக்கை மூடினார்கள், மீதிப் பேர் போனை எடுத்தார்கள். வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தாமல், “வருஷா வருஷம் வரீங்க. போட்டோ எடுக்குறீங்க. அந்தப் போட்டோவெல்லாம் எங்க போகுது கண்ணு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது: ஆறு பேருக்கு மேல் போவதில்லை. முன்னாலேயே நான் தனியாக இரண்டு தடவை போய் அங்கிருப்பவர்களிடம் பேசி, அவர்களுக்கு எந்தத் தகவல் வேண்டும் என்று கேட்டு, அதையே மாணவர்களின் வேலையாக வைக்கிறேன். ஒரு தெருவில் லாரி வரும் நேரத்தை ஒரு மாதம் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள்; செய்தோம், தமிழில் ஒரே பக்கமாக அச்சிட்டுக் கொடுத்தோம். கேட்காமல் முகத்தைப் படம் எடுப்பதில்லை. ‘நாங்கள் அரசிடம் சொல்லிச் சரிசெய்கிறோம்’ என்று வாக்குக் கொடுப்பதும் இல்லை.

இன்னொன்று, உங்கள் வகுப்பிலேயே அந்தப் பகுதியிலிருந்து வரும் பிள்ளைகள் இருப்பார்கள். தன் தெருவைத் தன் வகுப்பு மூக்கை மூடிக்கொண்டு பார்ப்பதை ஒரு பிள்ளை பார்க்க நேரக்கூடாது. போவதற்கு முந்தின நாள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்.

சோர்வு வரும், அதற்கு ஒரு வழக்கு

போபால், தூத்துக்குடி, வேங்கைவயல் என்று அடுத்தடுத்து நடத்தினால் நவம்பர் வாக்கில் பிள்ளைகள் ‘எதுவும் மாறாது மேம்’ என்று வந்து நிற்பார்கள். அதனால் கொடைக்கானல் பாதரச வழக்கைக் கடைசி யூனிட்டுக்கு வைத்திருக்கிறேன். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து தெர்மாமீட்டர் ஆலை 1980களில் மலைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடி இருப்பதை ஊர்க்காரர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று வழக்காடிய 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையை நடத்திய நிறுவனம் 2016இல் உடன்பாட்டுக்கு வந்தது.

நீளமான காகிதச் சுருளில் இந்த 15 வருடத்தை வரையச் சொல்லுங்கள், வருடத்துக்கு ஓர் அடி. வெற்று அடிகள் நிறைய வரும். அந்த வெற்று இடத்தில் தொழிலாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யார் கூட நின்றார்கள் என்று தேடி நிரப்புவதுதான் வேலை. மண்ணை எந்த அளவு சுத்தம் செய்தால் போதும், வெளிநாட்டில் ஓர் அளவு இங்கே ஓர் அளவா என்ற தகராறையும் அதில் சேர்க்கட்டும். நம்பிக்கை கொடுங்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சுருளைத்தான் காட்டுவேன்.

மதிப்பெண்

இன்டர்னல் 25இல் எனக்குக் கைவைக்க முடிந்தது இவ்வளவுதான்: மனுவும் அதன் கோப்பும் 5, வரைபடம் 8, கூட்டத்துக்குப் பிறகு எழுதும் இரண்டு பக்கம் 7, மீதி 5 கல்லூரி கேட்கும் தேர்வுக்கு. நன்றாக நடித்ததற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், கூச்சப்படும் பிள்ளைகள் அடிபடுவார்கள். பல்கலைத் தேர்வுக் கேள்விகள் பழைய மாதிரியேதான் வரும். கடைசி இரண்டு வாரம் அதற்குத் தயார்செய்யுங்கள், பிள்ளைகளுக்குப் பட்டம் வேண்டும். ஆனால் ‘பங்கீட்டு நீதி’ (நல்லதும் கெட்டதும் யாருக்கு எவ்வளவு) என்று எழுத வேண்டிய இடத்தில் அவர்களுக்குப் பொட்டு ஒட்டிய படம் ஞாபகம் வரும், ‘பங்கேற்பு நீதி’ (முடிவெடுப்பதில் யாருக்குக் குரல்) என்றால் மைக் ஞாபகம் வரும், எழுதிவிடுவார்கள்.

சார்ட் அட்டைகளைத் தேர்வு முடிந்ததும் குப்பையில் போட விடாதீர்கள். துறை அலமாரியில் வருடம் எழுதிச் சுருட்டி வையுங்கள். அடுத்த வருடப் பிள்ளைகள் பழையதைப் பிரித்து, எந்தப் பொட்டு புதிதாக வந்திருக்கிறது, எது போயிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். என் அலமாரியில் இப்போது எட்டுச் சுருள் இருக்கிறது. மனுவுக்குத் தாமதமாக வந்த இரண்டு பதில்களும் அதே அலமாரியில்தான், பிரித்துப் படிக்க அடுத்த வகுப்புக்காகக் காத்திருக்கின்றன.